"பிரேக் பிடிக்கவில்லை": ஒரு வாக்கியமும் இரு மலைவழிகளும்

சென்ற மாதம் வீட்டு முற்றத்தில் எங்கள் பழைய காரின் முன்சக்கரங்களைக் கழற்றி, தேய்ந்த பிரேக் பேடுகளையும் வரி விழுந்த டிஸ்க்குகளையும் நானே மாற்றினேன். அரை நாள் வேலை. அவ்வேலையின் நடுவே ஒரு வாக்கியம் மனத்தில் தங்கிவிட்டது. மலைப்பாதை விபத்து பற்றிய செய்திகளிலும், ஓட்டுநர்களின் பேச்சிலும், பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவருவோரின் முறையீட்டிலும் ஒரே வடிவில் வரும் வாக்கியம் அது: "பிரேக் பிடிக்கவில்லை."

இவ்வாக்கியத்திற்கு இரண்டு பொருள் உண்டு. "நான் பிரேக் பிடிக்கவில்லை" என்பது ஓட்டுநர் செய்யத் தவறிய செயல். "பிரேக் பிடிக்கவில்லை" என்பது கருவி செய்யத் தவறிய செயல். உடன்பாட்டில் இக்குழப்பம் எழுவதில்லை. "பிடித்தேன்" என்றால் ஆள். "பிடித்தது" என்றால் கருவி. வினைமுற்றின் ஈறே எழுவாயைக் காட்டிவிடுகிறது. எதிர்மறையிலோ செயவென் எச்சத்தோடு 'இல்லை' சேர்ந்து உருவாகும் வடிவம் திணை, பால், எண், இடம் எதையும் காட்டுவதில்லை. அஃறிணைச் செயப்படுபொருள் இரண்டாம் வேற்றுமை உருபின்றியே வரலாம் என்பதும் சேர்ந்துகொள்ள, 'பிரேக்' என்ற சொல் எழுவாயா செயப்படுபொருளா என்பதை வாக்கியத்தைக் கொண்டு மட்டும் சொல்ல முடியாது. எதிர்காலத்தில் 'பிடிக்கமாட்டேன்', 'பிடிக்காது' என்று மீண்டும் பிரிந்துவிடுகிறது. நடந்து முடிந்ததைச் சொல்லும்போதுதான், அதாவது பொறுப்பைக் கேட்க வேண்டிய இடத்தில்தான், இலக்கணம் எழுவாயை மறைக்கிறது.

எல்லையின் மறுபக்க மொழியை ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். மலையாள வினைமுற்று எந்தக் காலத்திலும் இடத்தைக் காட்டுவதில்லை. ஆயினும் அங்கே வினைச்சொற்களே வேறாகின்றன. ஓட்டுநர் மிதிக்கவில்லை என்றால் "பிரேக்கு சவிட்டியில்ல". மிதித்தும் வண்டி நிற்கவில்லை என்றால் "பிரேக்கு கிட்டியில்ல". கிட்டுதல் என்பது கைக்கு வந்து சேர்தல். பாலக்காட்டின் கிழக்கு எல்லையிலும் இடுக்கியின் தோட்டப் பகுதிகளிலும் இரு மொழியும் பேசுவோர் இவ்விரு அமைப்புகளுக்கும் இடையே நாள்தோறும் சென்றுவருகிறார்கள்.

பிரேக்கின் வரலாற்றை இந்த ஈரடியான வாக்கியத்தின் வழியே வாசிப்பதே இப்பதிவின் நோக்கம். முதலில் பிரேக் என்பது மனிதர் செய்யும் வேலையாக இருந்தது. பிறகு கருவியின் வேலையாயிற்று. கருவியின் வேலையான பின்பு மனிதரின் பங்கு மறைந்துவிட்டதுபோல் தோன்றுகிறது. அது மறையவில்லை, பராமரிப்பு என்ற இடத்திற்கு நகர்ந்தது.

1. கணவாயும் சரிவும்

கேரளத்தின் தமிழக எல்லையில் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரு நில அமைப்புகள் உள்ளன. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்தில் திறந்து கிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையின் மிகப் பெரிய இடைவெளி இதுவே. வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என எந்த வழியாகச் சென்றாலும் மலையேற்றம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. 1860களின் தொடக்கத்திலேயே சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு இருப்புப்பாதை இவ்வழியே சென்றதற்கும், மாட்டுவண்டி வணிகம் நெடுங்காலம் தழைத்ததற்கும் இச்சமதளமே காரணம். சமவெளி மாட்டுவண்டிக்குத் தனியான பிரேக் பெரிதும் தேவைப்படவில்லை. மூக்கணாங்கயிறும் நுகத்தடியும் மாடுகளின் உடலுமே அதன் பிரேக்.

தெற்கே இடுக்கியில் நிலைமை தலைகீழ். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்று வழிகளும் தேனி மாவட்டச் சமவெளியிலிருந்து செங்குத்தாக ஏறுகின்றன. கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையின் பகுதியான போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மெட்டிலிருந்து போடிநாயக்கனூர் வரை இறக்கம் ஏறத்தாழ 1,000 மீட்டர்.

இந்த 1,000 மீட்டர் பிரேக்கின்மீது சுமத்தும் பாரம் எவ்வளவு? ஆட்களுடன் 1,500 கிலோ எடையுள்ள கார் ஒன்று அவ்வளவு உயரம் இறங்கும்போது ஏறத்தாழ 1.47 கோடி ஜூல் ஆற்றலை எங்கேனும் விட்டாக வேண்டும். 20 டிகிரி வெப்பத்திலுள்ள 44 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். காற்றின் எதிர்ப்பும் எஞ்சினின் இழுவையும் ஒரு பகுதியை ஏற்கும். மீதமெல்லாம் உள்ளங்கை அளவுள்ள சில பேடுகளிலும், உணவுத் தட்டளவு இரும்பு வட்டுகளிலும் வெப்பமாக இறங்குகிறது. கணவாயில் ஓடும் காரும் மெட்டில் இறங்கும் காரும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையாக இருக்கலாம். அவற்றின் பிரேக்குகள் வாழும் வாழ்க்கை ஒன்றல்ல. ஒன்றில் 50,000 கிலோமீட்டர் தாங்கும் பேடு மற்றொன்றில் அதில் பாதிகூடத் தாங்காமல் போகலாம்.

2. பிரேக் ஆளாக இருந்த காலம்

பாலக்காட்டுக் கணவாயின் வடபுறம், நீலகிரி மலை இரயில் இன்றும் ஒரு பழைய ஏற்பாட்டைக் காத்துவருகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும், உதகமண்டலம் வரை 1908இலும் இப்பாதை திறக்கப்பட்டது. 2007இல் சேலம் கோட்டம் உருவாகும்வரை இது பாலக்காட்டுக் கோட்டத்தின் பொறுப்பில் இருந்தது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே பன்னிரண்டரை அடி தொலைவுக்கு ஓரடி ஏறும் பற்சக்கரப் பாதை அது. எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே நிற்கும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் இருப்பார். எஞ்சின் ஓட்டுநரின் ஊதல் ஒலிக் குறிப்பைக் கேட்டு அவரவர் பெட்டியின் பிரேக்கை இறுக்குவதும் தளர்த்துவதும் அவர்கள் வேலை. 'பிரேக்' என்பது இங்கே ஒரு பணிப்பெயர். அங்கே ஒரு பெட்டி பிடிக்கவில்லை என்றால், யார் பிடிக்கவில்லை என்ற கேள்விக்கு விடை உண்டு.

இடுக்கியில் வரலாறு வேறு வழியில் சென்றது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைக்கப்பட்டது. 1908இல் அது இரண்டடி அகல இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கீழே கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து வண்டிகளில் போடிநாயக்கனூர் சென்றன. இறக்கத்தின் பாரத்தைத் தண்டவாளமும் வடமும் பகிர்ந்துகொண்ட காலம் அது. மலையாள நாட்டார் நினைவில் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று நிற்கும் 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் இந்த இரயில்பாதையை அழித்தது. அது மீண்டும் கட்டப்படவில்லை. அதன்பின் மலையின் சரக்கும் மக்களும் மேன்மேலும் சாலையையும் மோட்டார் வண்டியையும் நம்பினர். லாரி, பேருந்து, பின்னர் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிச்செல்லும் ஜீப் என ஒவ்வொன்றிலும் 1,000 மீட்டர் இறக்கம் ஒரே ஒருவரின் காலடியில் குவிந்தது.

3. தோல், பருத்தி, கல்நார்

அந்தக் காலடியின் கீழ் என்ன இருந்தது? உராய்வுப் பொருளின் வரலாறு செருப்புத் தைக்கும் தொழிலோடு தொடங்குகிறது. 1888 ஆகஸ்டில் ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்குத் தம் கணவரின் மோட்டார் வண்டியை ஓட்டிச்சென்ற பெர்த்தா பென்ஸ், இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோனதைக் கண்டு, வழியில் ஒரு செருப்புத் தொழிலாளியிடம் தோல் பட்டை அறைவித்தார். பிரேக் லைனிங்கின் தொடக்கமாகக் குறிப்பிடப்படும் நிகழ்வு இது. 1890களின் இறுதியில் இங்கிலாந்தின் டார்பிஷர் குன்றுகளில், வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸ்களைப் பிரேக் கட்டையில் செருகுவதை ஹெர்பர்ட் ஃப்ரூட் கவனித்தார். பருத்திப் பட்டையில் பிசின் ஊட்டி அவர் செய்த உராய்வுப் பொருளிலிருந்து ஃபெரோடோ என்ற வணிகப்பெயர் பிறந்தது.

இவ்விரு நிகழ்வுகளிலும் ஒரே கருத்து உண்டு. இரண்டு பொருள்கள் உராயும்போது எது தேய வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் பிரேக் தொழில்நுட்பம். சக்கரம் தேயக் கூடாது. கட்டையும் தேயக் கூடாது. எளிதில் மாற்றத்தக்க ஒன்று அவற்றுக்காகத் தேய வேண்டும். கணக்கியல் தமிழில் 'தேய்மானம்' என்பது சொத்தின் மதிப்பிழப்பைக் குறிக்கிறது. பட்டறைத் தமிழில் அதே சொல் பேடின் இயல்பைக் குறிக்கிறது. பேடைப் பொறுத்தவரை தேய்மானம் அதன் வேலை.

தோலும் பருத்தியும் வெப்பத்தில் கருகின. 1908ஆம் ஆண்டளவில் ஃப்ரூட் கல்நாரைப் பயன்படுத்தத் தொடங்கினார். நெருப்பில் எரியாத, நூலாக நூற்கத்தக்க, விலை மலிவான கனிமம் அது. அடுத்த அறுபது எழுபது ஆண்டுகள் உலகெங்கும் பிரேக் லைனிங் என்றால் பெரும்பாலும் கல்நாரே.

4. டிரம்மிலிருந்து டிஸ்க்குக்கு

1902ஆம் ஆண்டில் இரு வழிகள் பிரிந்தன. பிரான்சில் லூயி ரெனோ, வட்டப் பெட்டிக்குள் உள்ளிருந்து விரியும் ஷூக்கள் கொண்ட டிரம் பிரேக்கை உருவாக்கினார். இங்கிலாந்தில் ஃபிரடெரிக் லான்செஸ்டர், சுழலும் வட்டை இருபுறமும் இறுக்கும் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். டிரம் வென்றது, டிஸ்க் அரை நூற்றாண்டு காத்திருந்தது. லான்செஸ்டரின் உலோகப் பேடுகள் எழுப்பிய கிறீச்சொலியும் அக்காலச் சாலைப் புழுதியும் அதற்குத் தடையாயின. 1953இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் வென்றது. 1955இல் சித்ரோன் டி.எஸ். பெருமளவு உற்பத்தியில் முன்சக்கர டிஸ்க்குகளோடு வந்தது.

மலைச்சாலை டிஸ்க்கின் பக்கம்தான் பேசுகிறது. டிரம் மூடிய பெட்டி. வெப்பம் உள்ளேயே தேங்கும். மேலும் சூட்டில் டிரம் விரிந்து ஷூவிலிருந்து விலகும். பெடல் ஆழமாக இறங்கும். டிஸ்க் திறந்த வட்டு. ஓடும் காற்றே அதைக் குளிர்விக்கும். சூட்டில் அது பேடை நோக்கியே தடிக்கும். மழைநீரையும் அது விரைவில் வீசியெறியும். தென்மேற்குப் பருவ மாதங்களில் இடுக்கிச் சாலையில் சென்றவர்களுக்கு இந்த வேறுபாடு காலடியிலேயே தெரியும்.

இந்தியாவில் அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஜீப் ஆகிய மூன்றும் பல பத்தாண்டுகள் நான்கு சக்கரங்களிலும் டிரம்மோடுதான் மலை ஏறி இறங்கின. அக்காலத்தில்தான் உராய்வுப் பொருள் தொழில் தமிழகத்தில் வேரூன்றியது. 1910களின் தொடக்கத்தில் மதுரையில் பேருந்து ஓட்டத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் குழுமம், பிரிட்டனின் லூகாஸ் நிறுவனத்தோடு இணைந்து 1962இல் பிரேக்ஸ் இந்தியாவைச் சென்னைப் பாடியில் நிறுவியது. 1964இல் ரானே பிரேக் லைனிங்கும் 1974இல் சுந்தரம் பிரேக் லைனிங்கும் தோன்றின. பேருந்து நடத்துவதில் தொடங்கிய ஒரு குழுமம் பிரேக் செய்வதில் வந்து சேர்ந்தது தற்செயலன்று. வண்டியை ஓட்டுபவருக்கே எது தேய்கிறது என்பது முதலில் தெரியும். 1983இல் மாருதி 800 வந்ததைத் தொடர்ந்து பரவிய சிறு கார்களின் வழியே முன்சக்கர டிஸ்க் மெல்ல நடுத்தரக் குடும்பங்களுக்கு வந்தது. 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்திலும் சக்கரப் பூட்டைத் தவிர்க்கும் ஏ.பி.எஸ். அமைப்பு கட்டாயமாயிற்று. ஆனால் ஏ.பி.எஸ். தேய்ந்த பேடைத் தடிமனாக்காது.

5. பட்டறைச் சொற்கள்

கலைச்சொல் அகராதிகளில் பிரேக்குக்கு 'நிறுத்தி', 'தடுப்பு', 'தடை' எனப் பல பெயர்கள் உண்டு. பட்டறைக்குள் இவற்றுள் ஒன்றும் நுழையவில்லை. அங்கே ஷூ, லைனர், பேடு, டிஸ்க், காலிபர், மாஸ்டர் சிலிண்டர் ஆகியவை தமிழ் வினைகளோடு வாழ்கின்றன. லைனர் 'தேயும்', டிஸ்க் 'வரி விழும்', பெடல் 'இறங்கும்', புதுப் பேடு 'செட் ஆகும்'. பெயர்கள் கடன், வினைகள் நம்முடையவை. பொருளைத் தொழிற்சாலை தந்தது. அதன் நடத்தையைக் கவனித்துச் சொன்னவர்கள் இங்குள்ள தொழிலாளர்கள் என்பதற்கு இவ்வினைகளே சான்று.

ஆனால் சில கடன் பெயர்கள் ஏமாற்றுகின்றன. 'பிரேக் ஆயில்' அவற்றுள் தலையாயது. சாதாரணமாகக் காரில் ஊற்றப்படும் டாட் 3, டாட் 4 ஆகியவை கிளைகால் சார்ந்த திரவங்கள், எண்ணெய் அல்ல. 'ஆயில்' என்ற சொல்லை நம்பிக் கனிம எண்ணெயை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெடும். பிரேக்கே இல்லாமல் போகும். இன்னொரு வேறுபாடும் உண்டு. எண்ணெய் தண்ணீரோடு சேராது. பிரேக் திரவமோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, 3.7 விழுக்காடு நீர் கலந்தபின் அந்த எல்லை 140 டிகிரியாகத் தாழ்கிறது. டாட் 4இல் இவை முறையே 230, 155. திரவம் கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகும்; ஆவி அமுங்கும்; பெடல் வெறுமனே தரை தொடும். ஈரமான மலைக்காற்றில் ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாத திரவம், நீண்ட இறக்கத்தில் செய்யும் வேலை இது. சிறிது நேரம் நின்று ஆறியபின் பெடல் மீண்டும் சரியாகிவிடும். "அப்போது பிடிக்கவில்லை, இப்போது பிடிக்கிறது" என்ற புதிரின் விடை பெரும்பாலும் இங்கேயே உள்ளது.

'நியூட்ரலில் விடுதல்' மற்றொரு சொல்வழக்கு. டீசல் மிச்சமாகும் என்ற நம்பிக்கையில் இறக்கத்தில் கியரை விடுவித்து ஓட்டும் பழக்கத்தின் பெயர். கார்புரேட்டர் காலத்தில் ஓரளவு பொருளிருந்த நம்பிக்கை இது. இன்றைய எரிபொருள் செலுத்து எஞ்சின்கள், கியரில் இறங்கும்போது எரிபொருளை ஏறத்தாழ முற்றிலும் நிறுத்திவிடுகின்றன. மிச்சம் எதுவுமில்லை, எஞ்சின் ஏற்றிருக்கக்கூடிய பாரமும் சேர்ந்து பேடுகளின் தலையில் விழுவதுதான் பலன்.

6. முற்றத்தில்

இப்போது வீட்டு வேலைக்கு வருகிறேன். இதன் ஒவ்வொரு படியும் மேற்சொன்ன வரலாற்றின் சுருக்கம்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். மாட்டுவண்டிக் காலத்துக் கட்டைக்கு இன்றும் மாற்றில்லை. சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே சிறிது தளர்த்திக்கொண்டு, பிறகு ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டில் இறக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. அதை நம்பி வண்டியின்கீழ் உடலைக் கொண்டுபோகக் கூடாது.

சக்கரத்தைக் கழற்றி, காலிபரின் திருகுகளை எடுத்தபின், காலிபரைக் கம்பியால் மேலே கட்டித் தொங்கவிட வேண்டும். ரப்பர்க் குழாயில் தொங்கவிட்டால் அதன் உள்ளடுக்கு கிழியும். பழைய பேடின் உராய்வுப் பகுதியை அளந்து பார்க்கலாம். 3 மில்லிமீட்டரை நெருங்கியது மாற்றத்தக்கது என்பது பொது வழக்கு; உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் அளவே இறுதி. உள்பேடும் வெளிப்பேடும் ஒரே அளவில் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பது இன்னும் முக்கியம். ஒன்று அதிகம் தேய்ந்திருந்தால் காலிபர் நகரும் ஊசிகளோ பிஸ்டனோ இறுகியிருக்கும். அதைச் சரிசெய்யாமல் பேடை மட்டும் மாற்றுவது நோயை விட்டுவிட்டு மருந்துச்சீட்டை மாற்றுவது போன்றது.

டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன்மீதே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே சென்றதைக் கடைசல் பட்டறையில் கொடுத்துச் சமன் செய்வது தவறு. மெலிந்த வட்டு வெப்பத்தைத் தாங்காது. புது டிஸ்க்கைப் பூட்டுமுன் ஹப்பின் துருவைத் தேய்த்து எடுக்க வேண்டும். அங்கே எஞ்சும் சிறு துருத்துணுக்கு விளிம்பில் அசைவாகப் பெருகி, பெடலில் அதிர்வாகத் தெரியும். துருப்பிடிக்காதிருக்கப் பூசிய எண்ணெயைப் பிரேக் கிளீனரால் முற்றிலும் நீக்க வேண்டும்.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது திரவம் தொட்டிக்குத் திரும்பும்; வழிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நகரும் ஊசிகளுக்கு அதற்குரிய கிரீஸ். உராயும் பரப்பில் ஒரு துளியும் படக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் இரு முன்சக்கரங்களிலும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையேல் வண்டி ஒருபுறம் இழுக்கும். எல்லாவற்றையும் கையேட்டின் அளவுப்படி இறுக்கியபின், வண்டியை நகர்த்துமுன் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். இதை மறப்பவரின் முதல் மிதி வெறுமையில் விழும். பிறகு போக்குவரத்தில்லாச் சமதளச் சாலையில், முழுதும் நிற்காமல், நடுத்தர வேகத்திலிருந்து பலமுறை வேகத்தைக் குறைத்து இடையிடையே ஆறவிட்டால் பேடும் டிஸ்க்கும் 'செட்' ஆகும். புதுப் பேடோடு நேரே போடிமெட்டில் இறங்குவது அறிவுடைமையன்று.

மின்விசையால் இயங்கும் பின்சக்கர பார்க்கிங் பிரேக் உள்ள வண்டிகளும், பெடலில் மென்மை தோன்றும் வண்டிகளும், குழாயில் கசிவு தெரியும் வண்டிகளும் முதல் முயற்சிக்கு உரியவை அல்ல. வேலையின் எந்தப் படியிலேனும் ஐயம் எழுந்தால் பட்டறைக்குக் கொண்டுசெல்வதில் இழுக்கில்லை.

7. தூசி

ஒரு படியை வேண்டுமென்றே இறுதிக்கு ஒதுக்கினேன். சக்கரத்தைக் கழற்றியதும் எல்லோருடைய கையும் தன்னியல்பாகச் செய்யும் செயல் ஒன்றுண்டு: படிந்திருக்கும் கருந்தூசியை வாயால் ஊதுவது, அல்லது காற்றுக்குழாயால் அடிப்பது. தலைமுறைகளாகப் பட்டறைகளில் பார்த்துப் பழகிய செயல்.

அத்தூசி நமக்காகத் தேய்ந்த பொருள். கல்நார் காலத்தில் அதில் கல்நார் இழைகள் இருந்தன. நுரையீரலில் தங்கும் இவ்விழைகளின் விளைவு உடனே தெரிவதில்லை. இடைத்தோலியப் புற்றுநோய் வெளிப்பட 20 முதல் 40 ஆண்டுகளும் ஆகலாம். எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையின் வகைப்பாடு. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் கல்நாரை முற்றிலும் தடைசெய்தது. இந்தியாவில் அத்தகைய முழுத்தடை இல்லை. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் பணியில் சேர்ந்தது முதல் 40 ஆண்டுகள் அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை காக்க நிறுவனங்களைப் பணித்தது. சாலையோரப் பட்டறையில் லைனரைத் தேய்த்து ஒட்டிய சிறுவனுக்கு எந்தப் பதிவேடும் இருந்ததில்லை.

இங்கும் சொல் குறுக்கே நிற்கிறது. 'கல்நார்' அழகிய, துல்லியமான தமிழ்ச்சொல். கல்லிலிருந்து வரும் நார் என்பதிலேயே ஆபத்தின் இயல்பும் அடங்கியுள்ளது. ஆனால் அது பாடநூலில் வாழும் சொல். பேச்சு வழக்கில் 'ஆஸ்பெஸ்டாஸ்' என்றால் கூரைத் தகடு. கூரையின் பெயராக அறியப்பட்ட ஒன்று, பிரேக் தூசியிலும் இருந்தது என்ற செய்தி இரு சொற்களுக்கும் இடையே விழுந்துவிட்டது. இன்று கல்நார் இல்லாத பேடுகள் பரவலாகியுள்ளன. பெட்டியின்மேல் அவ்வாறு அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்து வாங்கலாம். ஆயினும் பழைய வண்டியில் முன்பு யார் எதைப் பூட்டினார்கள் என்பது தெரியாது. புதிய பேடின் நுண்தூசியும் சுவாசிக்கத்தக்கதன்று. எனவே ஊதக் கூடாது. உலர்ந்த தூரிகையால் தட்டக் கூடாது. முகக்கவசம் அணிந்து, பிரேக் கிளீனரால் நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பையில் கட்டி அகற்ற வேண்டும். குழந்தைகள் அருகில் நிற்க வேண்டாம். வேலைக்கு உடுத்திய உடையைத் தனியே துவைக்க வேண்டும்.

8. எழுவாயை மீட்டல்

தொடங்கிய வாக்கியத்துக்குத் திரும்புவோம். வளைவில் ஒரு வண்டி கவிழ்கிறது. "பிரேக் பிடிக்கவில்லை" என்கிறார்கள். அவ்வாக்கியம் பொய்யாக இல்லாமலிருக்கலாம். ஆனால் அது ஒரு கணத்தை மட்டுமே சொல்கிறது. பேடு மாதக்கணக்கில் தேய்ந்தது. தேய்மானம் காட்டும் தகடு டிஸ்க்கில் உரசிக் கிறீச்சிட்டது. திரவம் ஆண்டுக்கணக்கில் ஈரம் குடித்தது. கியர் 17 வளைவுகளிலும் நியூட்ரலில் இருந்தது. இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுவாய் உண்டு. சில வேளை அது ஓட்டுநர். சில வேளை பராமரிப்புச் செலவைத் தள்ளிப்போட்ட உரிமையாளர்; தன் பெயரில் இல்லாத வண்டியை அன்றாடக் கூலிக்கு ஓட்டும் மலைப்பாதை ஓட்டுநரிடம் அந்தச் செலவைத் தீர்மானிக்கும் அதிகாரம் இருப்பதில்லை. சில வேளை அளவுக்கு மீறி ஆளேற்றுவதை வழக்கமாக ஏற்றுக்கொண்ட நாமெல்லோரும். எழுவாயில்லா எதிர்மறை இவர்கள் அனைவரையும் ஒரே சொல்லில் விடுவித்துவிடுகிறது.

நீலகிரி இரயிலின் ஒவ்வொரு பெட்டியிலும் ஒருவர் கைப்பிடியைப் பற்றி நிற்கிறார். காரில் அந்த ஆள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஆனால் இருக்கிறார். கடைசியாகப் பேடைப் பார்த்தவர், அல்லது பார்க்காமல் விட்டவர், அவரே. வீட்டு முற்றத்தில் அரை நாள் செலவிட்டபோது மிச்சமான தொகை பெரிதன்று. பிரேக் பிடிக்குமா என்ற கேள்விக்கு எழுவாயாக என்னை வைத்துக்கொண்டேன் என்பதே ஆதாயம்.

மலைவழி ஓட்டுநர்களிடமும் எல்லைப்புறப் பட்டறைகளிலும் பிரேக் சார்ந்து வழங்கும் தமிழ், மலையாளச் சொற்களைத் தொகுத்துவருகிறேன். உங்கள் ஊரில் வேறு வினைகளோ வேறு பெயர்களோ வழங்கினால், ஊர்ப்பெயருடன் எழுதினால் நன்றியுடையேன். பொறியியல் செய்திகளில் பிழை காண்போர் தயங்காமல் திருத்துக.